உலக வாணிகச் சட்டமும் சிறிய நாடுகளும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்ச் சாசனம் உண்டு. வழிபடச் செல்வோர் பலர் அதனைக் கண்டிருப்பர். அதன் பொருளை அறிந்தோர் சிலரே. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறை, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறை, என்னும் துறைமுகத்திற்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றியது. அவ்வணிகர் அங்கு வந்து தங்க வேண்டும் என்றும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும், பல துறைகளிலிருந்தும் வணிகர் நம் துறையில் வந்து கூட வேண்டும் என்றும் அரசன் அதிற் கூறுகிறான். பின்னர்ச் சட்டம் வருகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால், காற்பங்கு அரச பண்டாரத்தைச் சேரும். முக்காற்பங்கு உடையவனைச் சேரும். பிற வாணிகப் பொருள்களை ஏற்றிவந்த கலம் உடைந்தால், பாதி பண்டாரத்திற்கு, பாதி உடையவனுக்கு.

வரலாற்றாசிரியர் இச்சாசனத்தைத் துறைமுக வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டுவர். பொருளியல் கற்பிக்கும் எமக்கு அது வேறொன்றையும் உணர்த்துகின்றது. கலம் உடைந்த வணிகன் அரசனின் இரக்கத்தை வேண்டி நிற்க வேண்டியதில்லை. தனக்குரிய பங்கு இன்னதென்பதைப் பாய் விரிக்கும் முன்னரே அவன் அறிவான். வாணிகச் சட்டத்தின் உயிர்நிலை இதுவே. ஆயினும் அவ்வாணையில் ஒரு குறையும் உண்டு. அதனை அளித்தவன் ஒருவன். அவனே அதனை மாற்ற விரும்பின் தடுப்பார் எவருமிலர். பல அரசுகள் ஒருங்குகூடி, ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் விதிகளை உலகளாவிய அளவில் இயற்றிக்கொள்ளும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கைகூடிற்று. அம்முயற்சி இலங்கைக்கு என்ன பயன் தந்தது, இனி அதன் நிலை என்னாகும் என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் அமைந்தது ஒரு மாணவனின் வினா. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், இலங்கைப் பொருள்களுக்கு நூற்றுக்கு 44 வீதத் தீர்வை விதிக்கப்போவதாக அமெரிக்க ஐக்கிய நாடுகள் அறிவித்தது. சில நாட்களின் பின், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "சேர், இந்த 44 எப்படி வந்தது? எந்தச் சட்டத்தின்படி?" என்று வினவினான். அவனுடைய தமக்கை ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்பவர். ஆதலின் அவன் கேட்டது பரீட்சைக்காக மட்டுமன்று. வினாவின் முதற்பகுதிக்கு விடை எளிது. அந்நாடு நம்மிடம் வாங்குவது அதிகம். நாம் அந்நாட்டிடம் வாங்குவது குறைவு. அவ்விரண்டின் வேறுபாட்டை, அந்நாடு நம்மிடம் வாங்கியதன் பெறுமதியால் வகுத்தபோது 88 வீதம் வந்தது. அதிற் பாதி 44. நாம் அந்நாட்டுப் பொருள்களுக்கு உண்மையில் என்ன தீர்வை அறவிடுகிறோம் என்பது அக்கணக்கில் இடம்பெறவேயில்லை. இரண்டாம் பகுதிக்கு விடை கூற ஒரு பாடவேளை போதவில்லை. இக்கட்டுரை அவ்விடையின் தொடர்ச்சி எனலாம்.

1947ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஜெனீவாவில் 23 நாடுகள் கூடித் தீர்வைகளும் வாணிகமும் பற்றிய பொது உடன்படிக்கையை நிறைவேற்றின. 'காட்' எனச் சுருக்கமாக வழங்குவது இதுவே. அவ்விருபத்து மூன்றனுள் இலங்கையும் ஒன்று. அப்பொழுது இலங்கை சுதந்திரம் பெற்றிருக்கவில்லை. அதற்கு இன்னும் மூன்று திங்கள் இருந்தன. தனிக்கொடி ஏற்று முன்னரே உலக வாணிக அவையில் நமக்கோர் இருக்கை கிடைத்தது என்பது நினைவிற்கொள்ளற்பாலது.

அவ்வுடன்படிக்கையின் தூண்கள் இரண்டு. முதலாவது, ஒரு நாட்டுக்கு அளித்த சலுகையை உறுப்பு நாடுகள் அனைத்திற்கும் அளித்தல். ஒரு நாடு இந்தியத் தேயிலைக்குத் தீர்வையைக் குறைத்தால், இலங்கை கேளாமலே இலங்கைத் தேயிலைக்கும் அது குறைதல் வேண்டும். பேரம்பேசும் வலிமை இல்லாத நாட்டுக்கு இதனைவிடப் பெரிய துணை வேறில்லை. வலிய நாடு தனக்காகப் பெற்ற நன்மை, வாய்க்கால் வழி ஓடிய நீர் வரப்போரப் புல்லையும் நனைப்பதுபோல, எளிய நாட்டையும் வந்தடைகிறது. இரண்டாவது, ஒப்புக்கொண்ட தீர்வையை அட்டவணையில் எழுதி, அதற்கு மேல் உயர்த்துவதில்லை எனப் பிணைத்துக்கொள்ளுதல். முன்னரே அறிந்திருத்தல் என்று நயினாதீவுச் சாசனத்திற் கண்ட அதே தத்துவம் இது.

இலங்கை இவ்வவையில் வாளாவிருக்கவில்லை. புதிய கைத்தொழில்களைக் காக்க வேண்டி 1949ஆம் ஆண்டிலேயே கைத்தொழிற் பொருட் சட்டம் ஒன்றை இயற்றியது. உள்நாட்டுப் பொருளில் ஒரு பங்கை வாங்குவோர்க்கே அதனையொத்த பிறநாட்டுப் பொருளை இறக்குமதி செய்ய அனுமதி என்பது அதன் சாரம். இஃது உடன்படிக்கையின் பொதுவிதிக்கு மாறானது. ஆகவே, வளர்ந்துவரும் நாடுகளுக்கு இடமளிக்கும் 18ஆம் உறுப்புரையின் கீழ் இலங்கை பிற நாடுகளின் இசைவை நாடிற்று. விதியை மீறாமல், விதியினுள்ளேயே தனக்கு வழிதேடிய செயல் அது.

இனி, இதற்கு மறுபுறமாக ஒரு நிகழ்ச்சியை நோக்குவோம். கொரிய யுத்தகாலத்தில் ஏறிய இறப்பர் விலை 1952இல் வீழ்ந்தது. அரிசி விலையோ ஏறிற்று. பணம் கொடுத்தும் அரிசி பெறுதல் அரிதாயிற்று. அமெரிக்காவுடன் நடந்த பேச்சு பயன்தரவில்லை. அந்நிலையில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க சீனத்தை நாடினார். 1952 டிசெம்பரில் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சீனம் 270,000 மெற்றிக் தொன் அரிசி தரும். இலங்கை 50,000 மெற்றிக் தொன் இறப்பர் தரும். இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை. அரிசிக்குச் சந்தை விலையிலும் குறைந்த விலை. சீனத்திற்குப் போர்த்துணைப் பொருள்கள் செல்லலாகாது என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951இல் தீர்மானித்திருந்தது. இலங்கையோ 1955 டிசெம்பர் வரை அச்சபையில் உறுப்புரிமை பெறவில்லை. எனினும் அமெரிக்கா தன் உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி 1956 வரை இலங்கைக்கு உதவி வழங்க மறுத்தது.

இவ்வொப்பந்தம் நம் நாட்டின் துணிவுக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. இருவர் கைகோத்தாற் போதும், உலக அவை எதற்கு என்று கேட்போர் இதனையே எடுத்துக்காட்டுவர். ஆயின் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அவ்வேளையிற் சீனத்திற்கு இறப்பர் விற்பார் அரியர். ஆதலினாலேயே நமக்கு நல்ல விலை கிடைத்தது. நம் பேரத்தின் வலிமை பிறர் விதித்த தடையிலிருந்து பிறந்தது. தடை தளர்ந்தால் அவ்வலிமையும் தளரும். ஒப்பந்தம் செய்து எட்டுத் திங்கள் செல்லுமுன், 1953 ஓகஸ்ட் 12இல், கூப்பன் அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது. இருவர் உடன்பாடு இடுக்கண் வந்தபோது ஊன்றுகோல். நடந்து செல்லும் பாதை அதுவன்று.

பொது அவை எப்பொழுதும் நடுவுநிலை நின்றது என்றும் கூறுதற்கில்லை. மூலப்பொருள் விற்கும் நாடுகளின் குறையை அது போதிய அளவு கேளாமையாலேயே 1964இல் ஐக்கிய நாடுகளின் வாணிக, அபிவிருத்தி மாநாடு தோன்றியது. நம் நாட்டவரான கலாநிதி காமினி கொறியா 1974 முதல் 1984 வரை அதன் பொதுச்செயலாளராக விளங்கினார். தேயிலை, இறப்பர் முதலிய 18 பண்டங்களின் விலையை நிலைப்படுத்தும் திட்டத்திற்கு அவர் உழைத்தார். 1979இல் இறப்பருக்கு உடன்படிக்கை வாய்த்தது. தேயிலைக்கு விலையை நிலைநிறுத்தும் உடன்படிக்கை கைகூடவில்லை. புடைவைத் துறையிற் செல்வ நாடுகள் தாம் இயற்றிய விதியையே ஒதுக்கிவைத்து, 1974 முதல் 2004 முடிய வறிய நாடுகளின் ஆடைகளுக்குப் பங்களவு விதித்தன. ஹொங்கொங் முதலிய இடங்களின் பங்களவு நிரம்பியபோது, முதலீட்டாளர் நிரம்பாத பங்களவு உடைய இலங்கையை நாடி வந்தனர். 1977இன் பின் நம் ஆடைத்தொழில் தழைத்ததற்கு இவ்வநீதியும் ஒரு காரணம். வாணிக வரலாறு கறுப்பு வெள்ளையாக எழுதப்படுவதன்று.

1995இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியபோது பழைய விதிகளுக்கு ஒரு நீதிமுறை வாய்த்தது. அதன் பயனை விளக்கத் தேங்காய் வழக்கொன்றே போதும். பிரேசில் 1995இல், பிலிப்பைன்ஸ், இலங்கை முதலிய நாடுகளின் உலர்த்திய தேங்காய்த் துருவலுக்கு, அரசின் மானியம் பெற்றதெனக் கூறி ஈட்டுத் தீர்வை விதித்தது. 1996 பெப்ரவரியில் இலங்கை அவ்வமைப்பின் விதிப்படி பிரேசிலை ஆலோசனைக்கு அழைத்தது. பிலிப்பைன்ஸ் தன் வழக்கை விசாரணைக் குழுவுக்கும், பின்னர் மேன்முறையீட்டுக் குழுவுக்கும் கொண்டு சென்றது. புதிய அமைப்புத் தோன்றுமுன் தொடங்கிய விசாரணைக்குப் புதிய சட்டம் பொருந்தாது என 1997இல் தீர்ப்பாயிற்று. பிலிப்பைன்ஸ் தோற்றது. அவ்வாறாயின் பயன் யாது எனலாம். தன்னினும் பெரிய பிரேசிலை அந்நாடு சமமாக எதிர்நின்று வழக்காடியது. தோற்றபோதும் காரணம் எழுத்திற் கூறப்பட்டது. ஏப்ரல் 2இன் 44 வீதத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

இங்குக் கொடை வேறு, உரிமை வேறு என்பது தெளிவாதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் நம் ஆடைகளுக்கு 2005 முதல் அளித்த 'ஜீ.எஸ்.பி. பிளஸ்' சலுகை ஒரு கொடை. மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதிற் குறையுண்டு என்ற காரணத்தால் 2010 ஓகஸ்டில் அது நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் மீள அளிக்கப்பட்டது. நிறுத்தியதற்குக் கூறிய காரணம் பாரதூரமானது. அதனை எளிதில் ஒதுக்கல் தகாது. ஆயினும் நிபந்தனையோடு வந்தது நிபந்தனையோடே போகும் என்பது அதன் இயல்பு. பிணைத்த தீர்வையோ உரிமை. நாட்டுக்கு நாடு வேறுபட்ட தீர்வைக்கு 1947ஆம் ஆண்டின் இரு தூண்களும் இடந்தரா. எந்தச் சட்டத்தின்படி என்ற மாணவனுக்கு எமது விடை இதுதான்: அமெரிக்கா தன் உள்நாட்டு நெருக்கடிநிலைச் சட்டத்தைக் காட்டிற்று, பொதுச் சட்டத்தையன்று. அத்தீர்வை யூலையில் 30 வீதமாகவும், ஓகஸ்டில் 20 வீதமாகவும் குறைந்தமை பேரத்தின் விளைவேயன்றித் தீர்ப்பின் விளைவன்று.

ஏன் வழக்காடலாகாது எனின், ஈண்டே இன்றைய இடர் புலப்படும். மேன்முறையீட்டுக் குழுவில் எழுவர் இருத்தல் வேண்டும். ஒரு வழக்கை மூவர் விசாரிப்பர். தன் அதிகாரத்தின் எல்லையை அது கடந்தது எனக் குறைகூறி, அமெரிக்கா புதிய உறுப்பினரின் நியமனத்திற்குத் தொடர்ந்து இசைய மறுத்தது. 2019 டிசெம்பரில் மூவரும் இல்லாத நிலை வந்து குழு செயலிழந்தது. அதனால், கீழ்க்குழுவில் தோற்ற நாடு மேன்முறையீடு என்று ஒரு கடதாசியை நீட்டினால் வழக்கு அங்கேயே உறங்கும். நூற்று அறுபதிற்கு மேற்பட்ட நாடுகளும் ஒருமனப்பட்டாலன்றிப் புதுவிதி பிறவாமையின், 2001இல் டோஹாவில் தொடங்கிய பெரும்பேச்சும் நிறைவெய்தவில்லை. ஆயினும் எல்லாம் முடிந்ததென்றும் கொள்ளலாகாது. மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 2022இல் நிறைவேறி 2025 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல நாடுகளும் 2020 முதல் தமக்குள் ஓர் இடைக்கால மேன்முறையீட்டு வழியை அமைத்துக்கொண்டுள்ளன.

இனிவரும் காலத்தில் அனைவரும் ஒருங்கே இசையும் பேருடன்படிக்கைகள் அருகி, இசைந்தோர் மட்டும் கூடிச் செய்யும் உடன்படிக்கைகள் பெருகும் என எண்ணுதற்கு இடமுண்டு. அவற்றுள் நுழையும் வாயில் பிந்தி வருவோர்க்கும் அதே நிபந்தனையில் திறந்திருத்தல் வேண்டும் என்பதே சிறிய நாடுகள் வற்புறுத்த வேண்டிய முதற் கோரிக்கை. இடைக்கால மேன்முறையீட்டு வழியில் இணைதல் நமக்கு நன்றா என்பதையும் இலங்கை ஆராய்தல் வேண்டும். ஒவ்வொரு பெருநாட்டின் வாயிலிலும் தனித்தனியே நின்று பேரம்பேசுதல் நம்மால் இயலுவதன்று. அதற்கு வேண்டிய ஆட்பலமும் நம்மிடம் இல்லை. கொடுப்பதற்கு வேண்டிய பொருட்பலமும் இல்லை. பொதுச் சட்டத்தைக் காத்தலே நமக்கு வாய்த்த மலிவான பாதுகாப்பு.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அதனை வாசித்தறிவாரும் வேண்டும். வணிகமும் பொருளியலும் கற்கும் எம் மாணவர் பலர் கணக்காளராகவும் வங்கியாளராகவும் வர விரும்புகின்றனர், அது நன்றே. அவருட் சிலரேனும் சர்வதேசச் சட்டத்தையும் கற்று, தீர்வை அட்டவணையை வரிவரியாக வாசித்து, ஜெனீவாவில் இந்நாட்டுக்காக எழுந்து பேசும் தகுதியைப் பெறுதல் வேண்டும். கொட்டாஞ்சேனை மாணவன் கேட்ட வினாவை அங்கே கேட்பதற்கும் ஒருவர் வேண்டுமன்றோ? நயினாதீவுக்குச் செல்லும் எம் பழைய மாணவர், அடுத்தமுறை அக்கல்லின் முன் சற்று நிற்பாராக. கலம் உடைந்தவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் மொழியில் எழுதிவைத்த விதி அது.