பரம்பரையும் பட்டரும்: பின்லாந்து மக்களின் இரத்தம் சொல்வது

“சீனி எங்கட குடும்பத்துக்கே உள்ளதுதானே.” இந்த வசனத்தைக் கேட்காத வீடு நம்மத்தியில் குறைவு. வாப்பாவுக்குச் சீனி, மூத்தவாப்பாவுக்குச் சீனி, மாமாவுக்கு ஹார்ட் அட்டேக். ஆகவே நமக்கும் வரும், வரும்போது பார்த்துக்கொள்வோம் என்ற முடிவு. உயர்தர வகுப்புப் பிள்ளைகள்கூட இப்படிப் பேசுகிறார்கள். நான் தமிழ் படிப்பிக்கிறவன், டொக்டர் அல்ல. ஆனால் ‘பரம்பரை’ என்ற ஒற்றைச் சொல்லை நாம் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வது சரிதானா என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடி வாசித்து விளங்கிக்கொண்டதை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு கலைச்சொல். உண்டதை உடைத்துச் சக்தியாக்குவதும், அதிலிருந்து உடலுக்கு வேண்டியதைக் கட்டியெழுப்புவதுமான வேலை முழுவதையும் நமது பாடநூல்கள் ‘அனுசேபம்’ என்கின்றன. தமிழகத்தில் ‘வளர்சிதைமாற்றம்’ என்பார்கள். அந்த வேலையில் உண்டாகி இரத்தத்தில் ஓடும் சிறு பொருட்களே அனுசேபப் பொருட்கள். குளுக்கோசு, ட்ரைகிளிசரைட், கொலஸ்ட்ரோல், அமினோ அமிலங்கள் எல்லாம் இதில் அடங்கும். நமது இரத்த ரிப்போர்ட்டில் இவற்றில் நாலைந்துதான் வரும். இன்றைய ஆய்வுகூடங்களோ சிறிதளவு இரத்தத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட அளவீடுகளை ஒரே தடவையில் எடுக்கின்றன.

இந்த அளவுகளைத் தீர்மானிப்பது பரம்பரையா, சாப்பாடா? இதற்குப் பதில் தேட நல்ல இடம் பின்லாந்து. ஒரு காலத்தில் மாரடைப்பால் ஆண்கள் இறக்கும் வீதம் உலகிலேயே மிகக் கூடியிருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. அதனால் அங்கே பல தசாப்தங்களாக மக்களின் இரத்தத்தை அளந்து வருகிறார்கள்.

பரம்பரையின் பக்கத்தை முதலில் பார்ப்போம். 2012 இல் வெளியான ஓர் ஆய்வு, 8,330 பின்லாந்துக்காரரின் இரத்தத்தில் 216 அளவீடுகளை ஆராய்ந்தது. இரட்டையரையும் ஒப்பிட்டது. ஒரு கரு இரட்டையருக்குப் பரம்பரையலகுகள் ஒன்றே. இரு கரு இரட்டையர் சாதாரண உடன்பிறப்புகள் போன்றவர்கள். இந்த இரு வகையினருக்கும் இடையிலான ஒற்றுமையின் வித்தியாசத்தை வைத்துப் பரம்பரையின் பங்கைக் கணிக்கலாம். கொழுப்பைச் சுமந்து செல்லும் துணிக்கைகளில் ஆளுக்காள் உள்ள வேறுபாட்டில் 50 முதல் 76 வீதம் வரை பரம்பரையால் வந்தது. அமினோ அமிலம் போன்ற சிறு பொருட்களில் அது 23 முதல் 55 வீதம்.

“அப்ப நாங்க சொன்னது சரிதானே சேர்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். இந்த வீதம், ஒரே காலத்தில் ஒரே நாட்டில் வாழ்வோரிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றியது. ஒரு தனி மனிதனின் கொலஸ்ட்ரோலில் இத்தனை பங்கு மாறாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. களப்பில் நிற்கும் தோணிகளை நினையுங்கள். எந்தத் தோணியின் பாய்மரம் உயரம், எது கட்டை என்பது தச்சன் செய்த வேலை. ஆனால் நீர் வற்றினால் எல்லாப் பாய்மர உச்சியும் சேர்ந்தே இறங்கும். வரிசை மாறாது, மட்டம் மாறிவிடும். பரம்பரை பாய்மரம் என்றால், ஊரின் சாப்பாடும் பழக்கமும் நீர்மட்டம்.

பின்லாந்தின் கிழக்கே வட கரேலியா மாகாணத்தில் நடந்தது இதுதான். 1972 இல் அங்கே பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அது பால் பண்ணைப் பிரதேசம். பாணுக்குத் தடிப்பாகப் பட்டர், கொழுப்பு நீக்காத பால், கொதிக்க வைத்த கோப்பி என்பதே அன்றாடச் சாப்பாடு. வடிதாள் இல்லாமல் கொதிக்க வைக்கும் கோப்பியில் தங்கும் எண்ணெய்ப் பொருளும் கொலஸ்ட்ரோலைக் கூட்டும். ஆண்களின் சராசரிக் கொலஸ்ட்ரோல் நமது ரிப்போர்ட் கணக்கில் 270 அளவில் இருந்தது. திட்டக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குள் இருந்துகொண்டு புத்தி சொல்லவில்லை. மார்த்தா என்ற மாதர் அமைப்போடு சேர்ந்து ஊரூராகச் சமைத்துக் காட்டினார்கள். பால் பண்ணைக்காரர் சிலர் பெரிப்பழச் செய்கைக்கு மாறவும் வழி செய்தார்கள். 2007 ஆகும்போது அந்தச் சராசரி 210 ஐ அண்மித்தது. உழைக்கும் வயது ஆண்களில் இதய நோய் மரணம் 80 வீதத்துக்கு மேல் குறைந்தது. புகைத்தலும் இரத்த அழுத்தமும் குறைந்ததற்கும் இதில் பங்குண்டு. ஆனால் 35 வருடத்தில் ஒரு மாகாணத்தின் பரம்பரையலகுகள் மாறிவிடாது. மாறியது அடுப்படி.

நமது பிள்ளைகளின் வயதை ஒட்டிய இன்னோர் ஆய்வு 2014 இல் வெளிவந்தது. சராசரி வயது 26 உடைய 12,664 இளையோரின் இரத்தத்தைப் பார்த்தார்கள். உடல் எடை கூடக் கூட, நோயாளி என்று சொல்ல முடியாதவர்களிலும் இரத்தப் பொருட்கள் கெட்ட பக்கமாக நகர்ந்திருந்தன. எடையைக் கூட்டும் பரம்பரையலகுகளை அதிகம் கொண்டு பிறந்தவர்களிலும் அதே சாயல் தெரிந்தது. ஆகவே இரத்த மாற்றத்துக்கு எடையும் ஒரு காரணம் என்ற முடிவு பலப்பட்டது. அவர்களில் 1,488 பேரை ஆறு வருடம் கழித்து மறுபடி அளந்தார்கள். எடை கூடியவர்களில் அளவுகள் ஒரு பக்கம் போயிருந்தன, குறைந்தவர்களில் மறுபக்கம் திரும்பியிருந்தன. அந்த வயதில் இரத்தம் இன்னும் சொல்வழி கேட்கிறது.

இது குளிர்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. தெற்காசியருக்கு எடை அதிகம் கூடாமலே, இளவயதிலேயே நீரிழிவு வருகிறது. அதனால்தான் உடற்திணிவுச் சுட்டி 25 என்ற எல்லைக்கு முன்பே, 23 இலேயே ஆசியர் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு சொன்னது. மெலிந்த பிள்ளை என்று நாம் நினைக்கும் பிள்ளையின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம்.

ரிப்போர்ட்டில் எது எதற்கு அசையும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ட்ரைகிளிசரைட் சீக்கிரம் அசையும். சீனி போட்ட தேநீர், இனிப்புப் பானம், அளவுக்கு மிஞ்சிய வெள்ளைச் சோறு ஆகியவை அதைக் கூட்டும், வேகமான நடை குறைக்கும். கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். பட்டர், நெய், கொழுப்பு இறைச்சி போன்றவற்றின் நிரம்பிய கொழுப்பால் கூடும். சிகரட் நல்ல கொலஸ்ட்ரோலான எச்.டி.எல். ஐக் குறைக்கும்.

பரம்பரையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. பிறவியிலேயே எல்.டி.எல். மிகக் கூடுதலாக உள்ள குடும்பங்கள் உண்டு. அவர்கள் எவ்வளவு பத்தியம் இருந்தாலும் போதாது, மருந்து வேண்டும். ஒருவரின் வாப்பாவோ உம்மாவோ இளவயதில் மாரடைப்பில் போயிருந்தால், அவர் இருபது வயதிலேயே கொலஸ்ட்ரோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டொக்டர் தந்த மருந்தை இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு யாரும் நிறுத்தவும் வேண்டாம்.

எனவே குடும்பத்தில் நோய் உண்டு என்ற செய்தி, கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லும் செய்தி அல்ல. மற்றவர்களைவிடப் பத்து வருடம் முந்தி விழித்துக்கொள்ளச் சொல்லும் செய்தி. வட கரேலியாவில் அந்த வேலையைத் தனி ஆட்கள் செய்யவில்லை, ஊர் சேர்ந்து செய்தது. நமது கலியாண வீட்டுச் சகனில் ஒரு பங்கு மரக்கறி கூடுவதும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் இனிப்புப் பானத்துக்குப் பதில் பழம் வைப்பதும், பெண் பிள்ளைகள் பயமின்றி நடக்க ஓர் இடம் அமைவதும் ஊர் சேர்ந்தால் முடியாத காரியங்கள் அல்ல.