இரண்டு கைக்கும் வேலை

அக்கா மகன் பிச்சாவரம் போய்விட்டு அப்படியே திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். மறுநாள் விடிவதற்குள் கிரிவலப் பாதையில் இறங்கிவிட்டோம். வருண லிங்கம் தாண்டி, அடி அண்ணாமலை நெருங்கும்போது நன்றாக வெயில் ஏறியிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான். வெறுங்காலோடு இவ்வளவு தூரம் அவன் நடந்ததில்லை. இஞ்சி டீ ரெண்டு சொன்னேன், ஒன்றில் சர்க்கரை கம்மி.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?"

கேட்டான். பிச்சாவரத்தில் கயாக் ஓட்டியிருக்கிறான். ஒற்றை ஆள் காலை நீட்டி உட்காருகிற ஒல்லிப் படகு, இரண்டு முனையிலும் தட்டை வைத்த துடுப்பு. அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாக ஒன்றரை மணி நேரம். கரையேறிப் பார்த்தால் போனில் 312 படம். "வீட்டுக்குப் போன் போட்டேன். எடம் எப்படிடா இருந்துச்சுன்னு அம்மா கேட்டாங்க. படம் அனுப்புறேன் பாருங்கன்னு சொல்லிட்டேன். வாய்ல ஒண்ணும் வரல மாமா. படமே எடுக்காம இருந்திருக்கணுமோ?"

இதற்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு. போனைத் தூக்கி உள்ளே வை, கண்ணால் பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்கிற ஆள் அதையே ஒரு மலைப் படத்தின் மேல் எழுதி ஸ்டேட்டஸில் வைத்திருப்பார், அது வேறு விஷயம். எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. அவனிடம் வேறொன்று கேட்டேன். படம் எடுக்கும்போது துடுப்பு எங்கே இருந்தது?

யோசித்தான். "மடியில."

அங்கேதான் விஷயம். கயாக்கில் துடுப்பு என்பது படகைத் தள்ளுகிற கம்பு மட்டும் அல்ல. தட்டை தண்ணீரில் இருக்கும்வரை அது படகுக்கு ஊன்றுகோல். இடுப்பு கொஞ்சம் சாய்ந்தாலும் கை தண்ணீரை அழுத்திச் சரிசெய்துகொள்ளும். துடுப்பை மடியில் போட்ட நொடியில் அந்தப் பிடி போகிறது. காற்று படகின் மூக்கைத் திருப்புகிறது, நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கிறது. தண்ணீர் புகாத உறையிலிருந்து போனை எடுத்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, திரையைத் தட்டுவதற்குள் மீன்கொத்தி உட்கார்ந்திருந்த வேர் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். "ஆமா மாமா, பாதிப் படம் வெறும் வேர்தான்" என்று சிரித்தான். 312 முறை அவன் கயாக் ஓட்டுவதை நிறுத்தியிருக்கிறான். ஒன்றரை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால், பதினேழு பதினெட்டு விநாடிக்கு ஒரு தடவை. அவன் படகில் போகவே இல்லை. படகை விட்டு விட்டுப் பிடித்திருக்கிறான்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள், கிறிஸ்டின் டீல், கால் சௌபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் என்று மூன்று ஆய்வாளர்கள். படமெடுப்பதால் ஒரு அனுபவத்தின் சுவை கூடுமா குறையுமா என்று பலவிதமாகச் சோதித்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஊர் சுற்றிக் காட்டும் மாடி பஸ்ஸில் ஆட்களை ஏற்றினார்கள். சிலரைப் படமெடுக்கச் சொன்னார்கள், சிலரைச் சும்மா வரச் சொன்னார்கள். படமெடுத்தவர்கள்தான் கூடுதலாக ரசித்தார்கள். 'போனை உள்ளே வை' கட்சிக்கு இது பிடிக்காது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கை சும்மா இருக்கிறது, மனசும் அலைகிறது. எதை எடுக்கலாம் என்று தேடும்போது கண் விழித்துக்கொள்கிறது. ஆனால் அதே ஆய்வில், கையால் ஒரு கைவினைப் பொருளைச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே வேலைக்குள் முழுகியிருக்கிறவனுக்கு கேமரா புதிதாக எதையும் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

"அப்ப நான் பஸ்ல போற ஆள் மாதிரி எடுத்திருக்கேன்."

அதேதான். நம் ஊர் கணக்கில் சொன்னால் ஆட்டோ கிரிவலம். இந்த 14 கிலோமீட்டரை ஆட்டோவில் சுற்றுகிறவர்களும் உண்டு. முட்டி வலி, ரயில் நேரம், என்ன காரணமோ. அவர்கள் படமெடுத்துக்கொண்டே போகட்டும், நல்லதுதான். நடக்கிறவன் சங்கதி வேறு. அவனுக்குக் காலில் வேலை இருக்கிறது. நிறைமாத கர்ப்பிணி நடப்பதுபோல நட என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவ்வளவு மெதுவாக, அடி பார்த்து வைப்பதே ஒரு வேலை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அடுத்த ஆளுக்காக ஆற்றும்போது டீ ஒரு முழ நீளத்துக்குக் கயிறாக நின்றது. இவன் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது, பாதியில் நின்றது. எடுடா என்றேன், கூச்சப்படாதே.

எடுத்துவிட்டு வந்தவனிடம் ஒரு பரீட்சை வைத்தேன். "இந்திர லிங்கத்துலேர்ந்து இங்க வர்றவரைக்கும் என்னென்ன சத்தம் கேட்ட?"

போனைத் திறந்தான். மயில் படம் இருந்தது. ரமணாசிரமத்தைக் கடந்த பிறகு எடுத்தது, சுவர் மேல் நிற்கிறது, தோகை கீழே தொங்குகிறது, அருமையான படம். கழுத்தின் நீலம் எங்கே பச்சையாக மாறுகிறது என்றுகூடச் சொன்னான். அந்த மயில் அகவியது மூன்று தடவை. எனக்குக் காது அடைத்தது. இவனுக்கு அது நினைவே இல்லை.

அவனைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. பராஷும் கூட்டாளிகளும் 2017இல் இதைத்தான் சோதித்தார்கள். ஓர் அருங்காட்சியகக் காட்சிக்குள் ஆட்களை அனுப்பினார்கள், காதில் ஒலி வழிகாட்டி ஓடிக்கொண்டிருந்தது. விருப்பம்போலப் படமெடுத்தவர்களுக்குக் கண்டது நன்றாக நினைவிருந்தது, எடுக்காதவர்களைவிட அதிகமாகவே. கேட்டது குறைவாக நினைவிருந்தது. கேமரா ஞாபகத்தை அழிக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அது கண்ணுக்குக் கொடுத்துக் காதிலிருந்து எடுக்கிறது. மனம் ஒன்றுதானே, ஒரு வாசலில் நின்றால் இன்னொரு வாசலில் யார் வந்தது என்று எப்படித் தெரியும்?

இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு, மறைக்கக் கூடாது. 2014இல் லிண்டா ஹென்கல் என்கிற உளவியலாளர், அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில், மாணவர்களைக் கலைக்கூடத்துக்குள் கூட்டிப்போய் இன்ன பொருளைப் படமெடு, இன்ன பொருளைச் சும்மா பார் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் கேட்டால், படமெடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவிருந்தன. அதுதான் போன் பாத்துக்குமே என்று மனசு கைகழுவிவிட்டது போல. இரண்டு ஆய்வும் முட்டிக்கொள்கிற மாதிரித் தோன்றும். ஹென்கல் சோதனையில் எதை எடுப்பது என்று வேறொருவர் சொன்னார். பராஷ் சோதனையில் எடுக்கிறவரே தேர்ந்தெடுத்தார். என் கணிப்பில் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஹென்கல் இன்னொன்றும் கண்டார். ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு ஞாபகம் குறையவில்லை. அந்தப் பகுதி மட்டுமல்ல, படத்தில் விழாத மிச்சப் பகுதிகளும்கூட நினைவிருந்தன. மயிலின் கழுத்தை நீ அப்படித்தான் நெருக்கிப் பார்த்தாய், அதனால்தான் நிறம் நிற்கிறது என்றேன். பிச்சாவரத்து முந்நூறும் காற்றில் போனது.

பெஞ்சிலிருந்து மலை நேர் எதிரே தெரிந்தது. மேற்கிலிருந்து பார்க்கிற அண்ணாமலை, பெரிய கோயில் பக்கம் நின்று பார்க்கிற அண்ணாமலை இல்லை. புதிதாக வருகிறவர்கள் வேறு மலையோ என்று கேட்பார்கள். குபேர லிங்கம் பக்கம் போனால் மடிப்பு மடிப்பாகப் பிரிந்து பஞ்சமுக தரிசனம் என்பார்கள். ஒரே மலைதான், 2,668 அடி. நாம் நகர நகர முன் மடிப்பு பின் மடிப்பை மூடுகிறது, திறக்கிறது. முகம் எங்கே மாறியது என்று நடக்கிறவனுக்கும் தெரியாது, மாறிக்கொண்டே இருந்தது என்பது மட்டும் காலுக்குத் தெரியும். ஐந்து இடத்தில் நின்று எடுத்தால் ஐந்து மலை கிடைக்கும், ஒன்று இன்னொன்றாக ஆனது கிடைக்காது. கயாக்கில் வாய்க்கால் வளைவு திறப்பதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"மலை நேர்ல பெருசா இருக்கு, போன்ல பொம்மை மாதிரி வருதே?" என்றான் நடுவில்.

அது போனின் குற்றம் இல்லை. சாதாரண லென்ஸ் ஒரே பார்வையில் ஏறக்குறைய 70 டிகிரி அகலத்தை விழுங்கும். கிட்டே இருக்கிற கரண்ட் கம்பியும் பூக்கடைத் தார்ப்பாயும் பெரிதாக விழும், தூரத்து மலை குறுகிவிடும். பௌர்ணமி நிலாவை எடுத்துப் பார்த்து ஏமாறாதவர் யார்? நிலா வானத்தில் அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தை வைத்தால் முழுசாக மறைந்துவிடும். 4,000 புள்ளி அகலப் படத்தில் அதற்குக் கிடைப்பது முப்பது புள்ளிக்குக் கிட்டத்தட்ட. நம் மனசு அதைத் தட்டு அளவுக்குப் பெரிதாக வைத்திருக்கிறது, போனுக்கு அந்த மனசு இல்லை. மலை வேண்டுமென்றால் தள்ளிப் போய் நின்று, கிட்ட இழுக்கிற லென்ஸை வைத்து எடு, கொஞ்சம் நியாயமாக வரும்.

தீபத்தன்று ஊரில் இருந்தால் இதெல்லாம் சொல்லவே வேண்டாம். கார்த்திகை தீபம், மாலை ஆறு மணி. அர்த்தநாரீஸ்வரர் வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருவது அந்த அந்திப்பொழுதில், ஓரிரு நிமிஷம், ஆடிக்கொண்டே வந்து உள்ளே போய்விடுவார். உடனே மலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றப்படும். அந்த ஓரிரு நிமிஷத்தில் கோயில் பிராகாரம் முழுக்கக் கைகள் மேலே, ஒவ்வொரு கையிலும் ஒரு சின்னச் சதுர வெளிச்சம். பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவன் போன் வழியாகத்தான் சாமி கும்பிடுகிறான். மலைமேல் தீபமோ 11 நாள் எரியும். மறுநாள் சாவகாசமாக மொட்டைமாடியில் போனை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அசையாமல் எடுக்கலாம், அன்றைக்கு எடுத்ததைவிட நன்றாகவே வரும். ஓடிப் போகிறது எது, நிற்கிறது எது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

"எல்லாம் தெரிஞ்ச போட்டோகிராபருக்கு இந்தக் கஷ்டம் இருக்காதுல்ல?"

அதற்கும் இந்த ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன். 1947இல் மேக்னம் புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கிய நாலைந்து பேரில் ஒருவர். காந்தி சுடப்பட்ட அன்று சற்று நேரத்துக்கு முன்புதான் அவரைச் சந்தித்துவிட்டு வந்தவர். இறுதி ஊர்வலத்தை உலகம் பார்த்தது இவர் கண் வழியாகவும்தான். தக்க நொடியைப் பிடிப்பதற்கே பேர்போனவர். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாள்கள், ஆசிரமத்தில் படமும் எடுத்தார்.

ஏப்ரல் 14, இரவு. தங்கியிருந்த வீட்டு வாசலில் நிற்கிறார். கூட இருந்தவர்கள் வானத்தைக் காட்டுகிறார்கள். வாலோடு ஒரு பெரிய ஒளி, தெற்கிலிருந்து கிளம்பி, எரிநட்சத்திரத்துக்கு இல்லாத நிதானத்தோடு நகர்ந்து, மலை உச்சிக்குப் போய்ப் பின்னால் மறைகிறது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். 8.47. ஆசிரமத்துக்கு ஓடுகிறார்கள். ரமணர் உடலை விட்டது அதே நிமிஷம். இதை அவரே சொல்லிவைத்திருக்கிறார். எரிநட்சத்திரத்துக்கும் ரமணருக்கும் என்ன என்று நீ கேட்கலாம், அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது வேறு. அந்த ஒளியைப் பற்றி அவர் விட்டுப்போனது சொல் மட்டும்தான், படம் இல்லை. திசை, வால், வேகம், நிமிஷம் எல்லாம் அந்தச் சொல்லில் இருக்கிறது. 1970களில் அவர் கேமராவைப் பெரும்பாலும் ஓரம் வைத்துவிட்டு வரைய உட்கார்ந்தார்.

"அப்ப எடுக்காம இருக்கறதுதான் சரிங்கறீங்களா?"

திரும்ப அங்கேயே வந்து நின்றான். கிளாஸைக் கீழே வைத்தேன். எடுக்காமல் இருந்தாலும் ஒன்று போகும்டா.

உன் ஆயாவும் நானும் கடைசியாக ஒன்றாகச் சுற்றிய பௌர்ணமி. என்னிடம் போன் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. உங்கம்மாவும் கூட வந்தாள், அவளும் எடுக்கவில்லை. ஆயாவின் மெட்டி தார் ரோட்டில் உரசுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வலது கால் மெட்டி மட்டும் லேசாக இழுத்துக்கொண்டு வரும். வாயு லிங்கத்துக்கிட்டே உட்கார்ந்து எழுந்தபோது முட்டி சொடுக்கியது, "அப்பாடா அண்ணாமலையாரே" என்றாள். எல்லாம் இருக்கிறது. அன்றைக்குக் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று மட்டும் தெரியவில்லை. அரக்கு என்று நான் சத்தியம் செய்வேன்.

அவன் எழுந்து டீக்குக் காசு கொடுத்தான். பிறகு மலைக்கு முதுகைக் காட்டி நின்று அவன் அம்மாவுக்குப் போன் போட்டான். ஏதோ கேட்டான், கொஞ்ச நேரம் உம் கொட்டினான்.

"கத்தரிப்பூ கலராம் மாமா. சத்தியம்ங்கறாங்க."