தவிட்டுப் பழச் செடியை அறிவது எப்படி?

நீலகிரி, பழனி மலைச் சரிவுகளில் வளரும் தவிட்டுப் பழச் செடி நம் நாட்டில் இயல்பாக வளர்வது. உண்ணிச் செடியோ அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்து பரவியது. புதர் வெட்டுகையில் இரண்டையும் ஒன்றெனக் கருதி அழித்தலாகாது.

தவிட்டுச் செடியின் இலைகள் எதிரெதிராக அமைந்தவை; விளிம்பில் பற்கள் இல்லை; மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும்; அடிப்புறத்தில் வெண்மையான ரோமம் அடர்ந்திருக்கும். பூ ரோஜா நிறமுள்ளது. ஐந்து இதழ்களும் பல கேசரங்களும் உடையது. கனி முதிர்ந்தால் கருநீலமாகும். அதன் தலையில் புல்லி இதழ்கள் கிரீடம்போல் நிற்கும். இப்பழம் உண்ணத்தக்கது, பாகும் காய்ச்சலாம்.

உண்ணியின் இலை சொரசொரப்பானது, விளிம்பில் பற்களுடையது, அதன் சிறு பூக்கள் கொத்தாக மலரும். அவ்விலையைத் தின்ற ஆடுமாடுகள் நோயுற்று மடிவதுண்டு. ஆகையால் அங்கத்தினர்கள் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்த பின்னரே அரிவாளை எடுப்பார்களாக.