பழைய போனுக்கு ஒரு செக்ரோல்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஒரு பழைய போனோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். உயர்தரத்துக்கு ஐ.சி.டி. எடுத்திருக்கிறான். பாடத்தில் பைதன் இருக்கிறது, வீட்டில் கணினி இல்லை. போனுக்கு ஆறு வயது. திரையின் மூலையில் ஒரு கீறல், மற்றபடி நல்ல போன்.

"இனி இதுக்கு அப்டேட் வராதாம் மாமா. பேங்க் ஆப் திறக்கவே மாட்டேங்குது. இதுல லினக்ஸ் போடலாம்னு பசங்க சொல்றாங்க. உண்மையா?"

தண்ணீர் கொதிக்கட்டும் என்றேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் சாயம் இறங்கக் கொஞ்சம் கூட நேரம் கொடுக்க வேண்டும். அவன் கேள்விக்கும் அந்த நேரம் தேவைப்பட்டது.

முதலில் ஒன்றைச் சொன்னேன். உன் போனில் லினக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, தம்பி. வாங்கின நாளிலிருந்தே.

அவன் நம்பவில்லை. லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ், கண்ணுக்குத் தெரியாத அடித்தளம். அதைக் கெர்னல் என்பார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம், எது முதலில் ஓட வேண்டும், திரைக்கு எதை அனுப்புவது, பற்றரியை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. அண்ட்ராய்டு என்பது அதே கெர்னலின் மேல் கூகுள் கட்டிய மாடி. ஆகவே போனில் லினக்ஸ் ஓடுமா என்று கேட்கத் தேவையில்லை. அந்த அடித்தளத்தின் மேல் என்ன கட்டலாம் என்று தீர்மானிப்பவர் யார் என்றுதான் கேட்க வேண்டும்.

கையடக்கக் கருவியில் லினக்ஸ் போடுவது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. போன்களில் இருக்கும் ஆர்ம் வகைச் சில்லுகளுக்கு லினக்ஸைக் கொண்டுவரும் வேலையை ரஸல் கிங் என்பவர் 1994இல் தொடங்கினார். 2000இல் கொம்பாக் நிறுவனம் ஐபேக் என்ற கைக்கணினியை விண்டோஸோடு விற்றது. அதே நிறுவனத்தின் ஆய்வுகூடத்துப் பொறியியலாளர்கள் அதில் லினக்ஸைப் போட்டு, செய்முறையையும் எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். வேகம் 206 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் 32 மெகாபைட். இவன் கையில் இருக்கும் கீறல் விழுந்த போன் அதைவிட எத்தனையோ மடங்கு பலம்.

அதே 206 மெகாஹேர்ட்ஸ் சில்லோடு நமக்குப் பக்கத்திலேயே ஒரு கருவி பிறந்தது. அந்தக் கதையை இவனுக்குச் சொல்ல எனக்கு நீண்டநாள் ஆசை.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் என்ற நிறுவனத்துப் பொறியியலாளர்களும் 1998இல் ஒரு யோசனையைக் கையில் எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் மொழியில் பயன்படுத்தக்கூடிய, ஒரு கிராமத்தால் வாங்க முடிகிற கைக்கணினி. 9,000 இந்திய ரூபாய்க்குள் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. பெயர் சிம்ப்யூட்டர். உள்ளே ஓடியது லினக்ஸ். காரணம் எளிது. ஒவ்வொரு கருவிக்கும் உரிமப் பணம் கட்டினால் 9,000க்குள் அடங்காது. இந்திய மொழிகளைச் சேர்க்க வேண்டுமென்றால் யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே கைவைக்கவும் முடிய வேண்டும். திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் மென்பொருளையும் அவர்களே எழுதினார்கள்.

என்னை மிகவும் தொட்டது அதன் பக்கத்தில் இருந்த சிறு துளை. அதில் ஒரு ஸ்மார்ட் அட்டையைச் செருகலாம். ஒரு வீட்டுக்கு ஒரு கருவி வாங்க வசதி இல்லாத ஊரில், கருவி பொதுவாக இருக்கட்டும், அட்டை ஆளுக்கொன்றாக இருக்கட்டும் என்று யோசித்தார்கள். உன் அட்டையைச் செருகினால் அது உன் கணினி. எடுத்துவிட்டால் அடுத்த வீட்டம்மாவுடையது.

2001இல் மாதிரி தயாரானது, உலகப் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. 2004இல் அமிதா என்ற பெயரில் கடைக்கு வந்தது. சாய்த்தால் அதை உணரும் கருவியும் அதில் இருந்தது. ஐபோன் வருவதற்கு அப்போது இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஆனால் வண்ணத்திரை வைத்த அமிதாவின் விலை 9,000க்குள் நிற்கவில்லை. அதற்குள் சாதாரணக் கைப்பேசி மலிந்துவிட்டது. விற்றது சில ஆயிரம்தான்.

அதைத் தோல்வி என்று எழுதி மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020, 2021 தொற்றுக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், பாடசாலைப் பிள்ளைகள் மூன்று பேர். அண்ணனின் பாடத்துக்குள் தங்கையின் வட்ஸ்அப் வந்து விழும். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கும் மரத்துக்கும் ஏறியதை நாடே பார்த்தது. பெங்களூரில் அந்த அட்டையை யோசித்தவர்கள் கண்டது இந்த வீட்டைத்தான். ஒரே கருவியைப் பலர் பங்கிட்டுக்கொள்வது லினக்ஸுக்குப் புதிதும் இல்லை. அதன் மூத்த தலைமுறையான யூனிக்ஸ் காலத்திலேயே, ஒரே இயந்திரத்தில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு அறை, மற்றவர் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாத பூட்டு எல்லாம் இருந்தன.

அதன் பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. ஒரு டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. புதுப்போன் வாங்குவது என்ற பேச்சே பல வீடுகளில் நின்றுபோனது. பழைய போனைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வழி உண்டா என்பது இங்கே பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

"அப்ப ஏன் மாமா கம்ப்யூட்டர்ல போடற மாதிரி போன்ல சும்மா போட முடியல?"

நல்ல கேள்வி. அவன் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர், ஆகவே அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கினேன். காலையில் பிரட்டுக்களத்தில் என்ன நடக்கும்? பெயர் கூப்பிடுவார்கள், வந்தவர்கள் குரல் கொடுப்பார்கள், யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிப்பார்கள். மேசைக் கணினியும் அப்படித்தான். மின்சாரம் வந்ததும் கெர்னல் கூப்பிடும். வட்டு, திரை அட்டை, விசைப்பலகை எல்லாம் தங்கள் பெயரையும் எண்ணையும் சொல்லும். அதனால்தான் ஒரே இறுவட்டை எந்தக் கணினியில் போட்டாலும் பெரும்பாலும் லினக்ஸ் ஏறிவிடுகிறது.

போனுக்குள் இருக்கும் பாகங்களில் பல ஊமை. கூப்பிட்டால் பதில் வராது. திரை எந்த இணைப்பில் இருக்கிறது, அதற்கு எவ்வளவு மின்னழுத்தம், கெமராவை எழுப்பும் வரிசை என்ன என்பதை எல்லாம் யாராவது முன்கூட்டியே எழுதிக் கெர்னல் கையில் கொடுக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ என்பது அந்தப் பட்டியலின் பெயர். தோட்டத்தில் ஆளையும் வேலையையும் பதியும் ஏட்டின் பெயரால், அவனுக்கு நான் செக்ரோல் என்றே சொன்னேன். ஒவ்வொரு மாடலுக்கும் தனிச் செக்ரோல் வேண்டும். போன் தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு பழைய கெர்னலுக்கு மட்டும் எழுதிவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுகிறார்கள். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதுக் கெர்னல் வருகிறது. உன் போன் மட்டும் அதே பழையதோடு நிற்கிறது. அப்டேட் வராமல் போவதற்குப் பெரிய காரணம் இதுதான். போன் கிழடாகவில்லை, அதன் கணக்கை எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது தடை பூட்டு. போன் விழித்ததும் முதலில் ஓடும் சிறு நிரல், தயாரித்தவரின் முத்திரை இருக்கிற கெர்னலை மட்டும் உள்ளே விடும். திருடனிடமிருந்தும் நச்சு நிரலிடமிருந்தும் அது காப்பாற்றுகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்குச் சாவி கிடைக்காமல் இருப்பது நியாயமே இல்லை. சில நிறுவனங்கள் கேட்டால் திறக்க விடுகின்றன, பல விடுவதில்லை. திறக்கும்போது உள்ளே இருக்கும் படம், பாடக்குறிப்பு எல்லாம் அழிந்துவிடும். திறந்த போனில் வேலை செய்ய மறுக்கும் வங்கி ஆப்களும் உண்டு.

இந்த இரண்டு தடைகளையும் தாண்ட உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், ஒரு போனைப் பத்து வருடமாவது வாழ வைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு மாடல் மாடலாகச் செக்ரோல் எழுதுகிறது. 256 மெகாபைட் நினைவகம் கொண்ட, 2009இல் வந்த நோக்கியா என்900கூட அதில் விழித்தெழுகிறது. இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். பல மாடல்களில் திரை எரியும், வைஃபை ஓடும், கெமரா ஓடாது. சிலவற்றில் அழைப்பு எடுக்க முடியாது. வீட்டில் இருக்கிற ஒரே போனில் இதைச் செய்து பார்க்காதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். முதுகு உப்பிய பற்றரி உள்ள போன் என்றால் எதையுமே செய்யக்கூடாது. அதைச் சார்ஜ் போடாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

அவன் முகம் வாடிவிட்டது. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, பூட்டை உடைக்காத வழி ஒன்றைக் காட்டினேன்.

டெர்மக்ஸ் என்று ஓர் ஆப். அண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் உள்ள போனில் ஓடும். எஃப்-ட்ராய்ட் என்ற கட்டற்ற மென்பொருள் கிடங்கிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அடித்தளத்தில் இருக்கும் கெர்னலை அது தொடுவதில்லை. அதே கெர்னலின் மேல், அண்ட்ராய்டுக்குப் பக்கத்தில், லினக்ஸ் கருவிகளுக்கு ஒரு சிறு அறை கட்டிக் கொடுக்கிறது. ஒரே வரி அடித்தான், பைதன் வந்து இறங்கியது. பரீட்சைக்கு வேண்டிய பைதன் வேலைக்கு அது போதும்.

முதல் சோதனையாகத் தமிழில் ஒரு சொல்லைக் கொடுத்து, எத்தனை எழுத்து என்று கேட்கச் சொன்னேன். 'கொழுந்து' என்று அடித்தான். பைதன் எட்டு என்றது. அவன் விரல் விட்டு எண்ணினான்: கொ, ழு, ந், து. நான்குதானே?

யூனிகோடில் ககரத்துக்கு ஓர் இடம், 'ொ' என்ற குறிக்கு இன்னோர் இடம், புள்ளிக்கும் தனி இடம். அப்படி எண்ணினால் எட்டு. நினைவகத்தில் ககரம் முதலில், குறி பின்னால். திரையில் வரையும்போது கொம்பு முன்னால் ஓட வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் லினக்ஸிலும் இருக்கிறது, அண்ட்ராய்டிலும் இருக்கிறது. அது இல்லாத காலத்தில் நம் ஊர்ப் பெயரே உடைந்துதான் தெரியும், 'நுவரெலியா'வின் நடுவிலும் ஒரு கொம்பு இருக்கிறதே. டெர்மக்ஸின் கறுப்புத் திரையில் இன்றும் தமிழ் முழுசாகச் சரியாக உட்காருவதில்லை. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் என்று ஆங்கிலத்துக்காக வைத்த விதியில் நம் ழுவும் ணுவும் நெருக்கப்படுகின்றன. ஆனால் அதன் நிரல் திறந்து கிடக்கிறது. திருத்த நினைக்கிறவர் திருத்தலாம். எழுத்தெண்ணிக்கைச் சிக்கலை முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தவர்களும் அப்படித்தான் தீர்த்தார்கள். அவர்களின் ஓப்பன்-தமிழ் தொகுப்பைப் பைதனோடு சேர்த்துக் கேட்டோம். நான்கு என்றது.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அவன் கவனிக்கவில்லை. பட்டியல் ஒன்றை எப்படிச் சேமிப்பது என்று கேட்டான், காட்டினேன். பாடப் புத்தகக் கணக்கைப் போடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் தன் அம்மாவுக்குப் போன் எடுத்து, இந்தக் கிழமை திங்களிலிருந்து நேற்று வரை தினம் எத்தனை கிலோ கொழுந்து என்று கேட்டு, ஒவ்வொரு நாளாக அடித்து, கூட்டிப் பார்த்தான். சம்பளத் துண்டு வரும் நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கோப்புக்கு அம்மாவின் பெயரை வைத்தான்.