பழைய மெய்நிகர் பொறியின் வட்டுப் படிமத்திலிருந்து தமிழ்க் கோப்புகளை மீட்டெடுத்தல்

ஆய்வுச் சுருக்கம்

இயங்காத மெய்நிகர் பொறிகளின் வட்டுப் படிமங்களுக்குள் ஆய்வேடுகள், சுவடிப் படியெடுப்புகள், களஆய்வுப் பதிவுகள் எனப் பழைய தமிழ்க் கோப்புகள் தங்கியிருக்கக்கூடும். அவற்றை மீட்கும் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகின்றது. கோப்பை வெளியே எடுப்பதோடு மீட்பு நிறைவுறுவதில்லை. எழுத்துருவையும் உடன் மீட்டால்தான் உரை வாசிக்கத்தக்கதாகும் என்பதை இது நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் பொறி, வட்டுப் படிமம், கோப்பு மீட்பு, எழுத்துரு, குறியேற்றம், ஒருங்குறி.

முன்னுரை

ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினியே மெய்நிகர் பொறி ஆகும். அதன் வன்வட்டு முழுவதும் ஒரு பெரிய கோப்பாகச் சேமிக்கப்படுகின்றது. இதுவே வட்டுப் படிமம். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது. புதிய இயங்குதளங்களில் இயங்காத பழைய தமிழ்ச் செயலிகளைத் தொடர்ந்து பயன்படுத்த மெய்நிகர் பொறி ஏற்ற வழியாக அமைந்தது. அப்பொறி தொடங்க மறுக்கும்போது, உள்ளிருந்தவை அனைத்தும் அழிந்துவிட்டதாகக் கருதுவது பிழையாகும். இயங்குதளம் பழுதுறுவது வேறு. கோப்புகள் அழிவது வேறு.

படிமத்தைக் காத்தல்

பழுதான பொறியை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது தீங்கானது. ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் இயங்குதளம் வட்டில் புதிதாக எழுதுகின்றது. நீக்கப்பட்ட கோப்புகள் இருந்த இடங்கள் அதனால் நிரம்பிவிடக்கூடும். எனவே முதலில் படிமத்தை நகலெடுத்து, மூலத்தின் ஹேஷ் மதிப்பும் நகலின் ஹேஷ் மதிப்பும் ஒன்றாக இருப்பதை உறுதிசெய்து, நகலில் மட்டுமே பணிபுரிதல் வேண்டும்.

படிமம் ஒரே கோப்பாக இல்லாமலும் இருக்கலாம். விஎம்வேரின் விஎம்டிகே படிமம் பல துண்டுகளாகப் பிரிந்திருப்பதுண்டு. பயனர் ஸ்நாப்ஷாட் எடுத்திருந்தால், அதற்குப் பிந்தைய மாற்றங்கள் தனிக்கோப்பில் பதிவாகியிருக்கும். அடிப்படைப் படிமத்தை மட்டும் நகலெடுப்பவருக்கு ஸ்நாப்ஷாட் எடுத்த நாள்வரையிலான நிலையே கிட்டும். அதன்பின் எழுதப்பட்ட இயல்கள் கிட்டா. ஆதலால் பொறியின் கோப்புறையை முழுமையாக நகலெடுத்தல் இன்றியமையாதது.

படிமத்தைத் திறத்தல்

விடிஐ, விஎம்டிகே, விஎச்டி ஆகிய வடிவங்களிலுள்ள படிமங்களைச் செவன்-ஜிப் போன்ற மென்பொருளால் நேரடியாகத் திறந்து பார்க்கலாம். அது பயன்படாதபோது, கியூஇஎம்யு தொகுப்பிலுள்ள மாற்றுக் கருவியைக் கொண்டு படிமத்தை மூல வடிவத்திற்கு மாற்றி, லினக்ஸில் வாசிப்பு மட்டும் எனும் நிலையில் இணைக்கலாம்.

இங்கு வட்டுப் பிரிவின் தொடக்க இடத்தை அறிதல் வேண்டும். எக்ஸ்பி காலத்து வட்டுகளில் முதற் பிரிவு பெரும்பாலும் 63ஆம் செக்டரில் தொடங்கும். ஒரு செக்டர் 512 பைட்டுகள்; ஆகவே 63 × 512 = 32,256ஆவது பைட்டிலிருந்து இணைத்தால் கோப்பகங்கள் புலப்படும்.

நீக்கப்பட்ட கோப்புகள்

நீக்கப்பட்ட கோப்பின் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. என்டிஎஃப்எஸ் முறைமையில் அதன் பதிவு, பயன்பாட்டில் இல்லாதது எனக் குறிக்கப்படுகின்றது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவியால் மீட்க இயலும்.

கோப்புப் பட்டியலே சிதைந்திருந்தால் ஃபோட்டோரெக் கருவி உதவும். அது கோப்புகளை அவற்றின் தொடக்கப் பைட்டுகளைக் கொண்டு இனங்காணும். பழைய வேர்டு ஆவணம் 208, 207, 17, 224 எனும் பைட்டு வரிசையுடன் தொடங்கும். எனினும் இம்முறையில் கோப்பின் பெயரும் அது இருந்த கோப்புறையும் கிட்டா. பல இடங்களில் சிதறிக் கிடந்த கோப்பு முழுமையாகவும் கிட்டாது.

எழுத்துருவும் குறியேற்றமும்

தமிழ் ஆய்வாளருக்கு உரிய சிக்கல் இதன்பின்னரே எழுகின்றது. பழைய ஆவணங்கள் திஸ்கி, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டையொட்டி வந்த டேப், டேம் எனப் பல குறியேற்றங்களில் உள்ளன. பாமினி போன்ற எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துள்ளன. எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வுரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். எனவே ஆவணங்களோடு விண்டோஸ் கோப்புறையிலுள்ள எழுத்துருக்களையும் படியெடுத்தல் வேண்டும். அவையே குறியேற்றத்தை அறிவிக்கும் சான்றுகள்.

எழுத்துகளின் வரிசையும் வேறுபடும். ‘கொ’ என்பது திஸ்கியில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படுகின்றது. ஒருங்குறியில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் வரும். ஆகவே மாற்றி ஒவ்வொரு குறியையும் பெயர்ப்பதோடு, வரிசையையும் சீர்செய்தல் வேண்டும். படிமத்திற்குள் ஒரு தமிழ்ச்சொல்லை ஒருங்குறியில் தேடினால், பழைய குறியேற்றத்தில் உள்ள அச்சொல் அகப்படாமைக்கும் இக்குறியேற்ற வேறுபாடே காரணம்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த பாமினி ஆவணத்தில், எப்பகுதி எம்மொழி என்பதை எழுத்துருக் குறிப்பே காட்டும். ஆவணத்தை வெற்று உரையாகச் சேமித்தால் அக்குறிப்பு நீங்கிவிடும். பின்னர் மாற்றி ஆங்கிலப் பகுதிகளையும் தமிழாக்கிச் சிதைக்கும். மாற்றத்திற்கு முன் வெற்று உரையாகச் சேமித்தலைத் தவிர்க்க வேண்டும்.

முடிவுரை

மீட்புப் பணி மூன்று அடுக்குகளைக் கொண்டது: படிமம், கோப்பு முறைமை, குறியேற்றம். முதலிரண்டு அடுக்குகளுக்கான கருவிகள் உலகப் பொதுவானவை. மூன்றாவதற்குத் தமிழறிவும் தேவை. மாற்றப்பட்ட உரையை மூல எழுத்துருவில் தோன்றும் உரையோடு ஒப்புநோக்கிச் சரிபார்த்தல், சுவடிப் பதிப்பில் படியை மூலத்தோடு ஒப்பிடுவதை ஒத்தது. ஒருங்குறி வடிவம் கிடைத்த பின்னரும் மூலப் படிமத்தையும் எழுத்துருக்களையும் பாதுகாத்தல் வேண்டும். மாற்றத்தில் நேர்ந்த பிழையைப் பின்வருவோர் திருத்த அவையே துணையாகும்.