ஆபீஸ் லேப்டாப் பாஸ்வேர்டு வெளியே கசியுமா? 'டிஎன்எஸ் சஃபிக்ஸ்' சிக்கல் என்ன?

ஆபீஸ் நெட்வொர்க்கில் 'ஃபைல்சர்வர்' என்று மட்டும் டைப் பண்ணினாலே சர்வர் திறக்கிறதே, எப்படி? அட்மின் செட் செய்துவைத்த 'டிஎன்எஸ் சஃபிக்ஸ்' என்ற பின்னொட்டை கம்ப்யூட்டரே சேர்த்துக்கொள்ளும்.

சிக்கல் எங்கே? பழைய விண்டோஸ் நெட்வொர்க்குகளில் பல நிறுவனங்கள் 'கார்ப்' என்றே டொமைன் பெயர் வைத்தன. அந்த லேப்டாப்பை வெளி வைஃபையில் இணைத்தால், தேடல் இன்டர்நெட்டில் உள்ள கார்ப்.காம் முகவரிக்குப் போகும் வாய்ப்பு இருந்தது. லாகின் விவரங்களும் கூடவே போகலாம். இதனால்தான் 2020-ல் மைக்ரோசாஃப்ட்டே அந்த முகவரியை விலைக்கு வாங்கியது.

தீர்வு? நிறுவனம் பதிவு செய்த சொந்த டொமைனையே பின்னொட்டாக வைப்பது பாதுகாப்பு. இல்லையென்றால், உள் பயன்பாட்டுக்கென 2024-ல் ஐகான் அமைப்பு ஒதுக்கிய 'டாட் இன்டர்னல்' இருக்கு. குரூப் பாலிசி மூலம் எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து செட் பண்ணிடலாம்.