கணப்புச் சட்டியும் மரத்தளமும்

ஜனவரி மாத விடியற்காலையில் உதகைக்குப் போயிருக்கிறீர்களா? தலைகுந்தாவின் புல்வெளி உப்பைக் கொட்டியது போல் வெளுத்திருக்கும். அதுதான் உறைபனி. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தைக் கதிர்களாக வானத்தை நோக்கி வீசிவிட்டு, காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்து போவதால் இது உண்டாகிறது.

இந்தக் குளிருக்கு மலைவாசிகள் கண்ட மருந்து கணப்பு. இரும்புச் சட்டியில் கரியையோ சீகை விறகையோ மூட்டி, சுற்றி அமர்ந்து குளிர் காய்வார்கள். மண் தரையில் வைத்தால் கவலையில்லை. பழைய பங்களாக்களின் மரத்தளத்திலும், விடுதிகளின் பலகை வராந்தாவிலும் வைக்கும்போதுதான் ஆபத்து.

சென்ற குளிர்காலத்தில் குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்ட வீட்டில் தங்கினேன். இரவில் மர வராந்தாவில் கணப்பு மூட்டினோம். காலையில் சட்டியை நகர்த்தினால், அடியில் பலகை வட்டமாகக் கருகியிருந்தது! ஒரு பொறிகூடக் கீழே விழவில்லை. சட்டிக்கு நான்கு விரல் உயரத்தில் கால்களும் இருந்தன. "சூடு மேலேதானே போகும், சார்?" என்று கேட்டான் வீட்டுக்காரரின் மகன். பத்தாம் வகுப்பு மாணவன். இயற்பியல் கற்பிக்கும் எனக்கும் முந்தின இரவு அது தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

சூடு எப்படி இறங்கியது?

மேலே போவது சூடான காற்று மட்டுமே. இது வெப்பச் சலனம். கதிர்வீசலுக்கு மேல், கீழ் என்ற பேதமில்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். தணலுக்கு எதிரே சற்றுத் தள்ளி அமர்ந்து, முகத்துக்கு முன் ஒரு தாம்பாளத்தைப் பிடியுங்கள். சூடு சட்டென்று நின்றுவிடும். முகத்தைச் சுட்டது காற்றல்ல, கதிர்களே என்பது விளங்கும்.

கதிர்வீசல் தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும். சட்டியின் அடி 400 டிகிரி செல்சியஸ் ஆனால், அதன் ஒரு சதுர மீட்டர் பரப்பு ஏறத்தாழ 11,600 வாட்டு வரை வீசக்கூடும். நண்பகல் வெயிலோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட்டுதான்! மரம் அரிதிற்கடத்தி. ஆகவே வாங்கிய வெப்பத்தை உள்ளே கடத்திவிட முடியாமல் மேற்பரப்பு கருகுகிறது. கருகிய இடம் மறுமுறை எளிதில் தீப்பற்றும்.

என்ன செய்யலாம்?

மிக நல்லது, சட்டியைப் பலகையை விட்டு இறக்கி, வெட்டவெளியில் மண் தரையில் வைப்பதே. பலகைமேல்தான் வைக்க வேண்டுமென்றால், முதலில் சட்டிக்குள் காய்ந்த மணலைக் கனமாகப் பரப்புங்கள். அடியின் வெப்பநிலை 400 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு இறங்கினால், கதிர்வீசல் பாதியாக அல்ல, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். காரணம் அந்த நான்காம் படியே.

பிறகு பலகைமேல் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, அவற்றின்மேல் ஓர் இரும்புத் தகடு வைத்து, அதன்மேல் சட்டியை வையுங்கள். தகடு நம் தாம்பாளத்தைப் போலக் கதிர்களைத் தடுக்கும். செங்கற்களுக்கிடையே ஓடும் காற்று சூட்டை வெளியேற்றும். அரை மணிக்கொரு முறை பலகையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காவிட்டால் கணப்பை நிறுத்திவிடுங்கள்.

ஈர விறகு வேண்டாம். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துப் பொறியைத் தூரத்துக்கு எறியும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். சாம்பலும் ஏமாற்றும். அதுவும் அரிதிற்கடத்தியாதலால் அதற்குள் புதைந்த கங்கு மறுநாள்வரை கனன்றிருக்கும். நீர் ஊற்றிக் கிளறி, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, மரத்தளத்துக்கு வெளியே வையுங்கள்.

அறைக்குள் கொண்டு போகாதீர்கள்!

"புகையே இல்லை, கங்கு மட்டுந்தானே" என்று சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்கியவர்கள் மறுநாள் எழுந்திருக்காத செய்தியை மலைப்பகுதிகளிலிருந்து நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். குறைந்த பிராணவாயுவில் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிணையும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் முக்கால் பங்குதான். ஏற்கெனவே குறைவாகக் கிடைக்கும் பிராணவாயுவையும் இவ்வாயு தடுத்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, மருத்துவ உதவியை நாட வேண்டும். சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள்.

புல்வெளியைக் குளிர வைத்து உறைபனி உண்டாக்கும் அதே கதிர்வீசல்தான் பலகையையும் கருக்குகிறது. அடுத்த முறை குளிர் காயும்போது உங்கள் முகத்தில் படும் இதமான சூட்டை மட்டும் நினைக்காதீர்கள். சட்டிக்குக் கீழேயும் ஒருமுறை குனிந்து பாருங்கள்!